சாட்சிக் கூண்டைத் தவறவிடும் கேமரா

2004 செப்டம்பர் 3 மாலை, காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயில் அலுவலகத்திலேயே அதன் மேலாளர் சங்கரராமன் வெட்டிக் கொல்லப்பட்டார். அந்தத் தீபாவளியை ஒட்டி காஞ்சி மடத்தின் சங்கராச்சாரியார் ஜெயேந்திரர் கைதானார். அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றம் வழக்கைப் புதுச்சேரிக்கு மாற்றியது. 2013 நவம்பர் 27 அன்று, ஜெயேந்திரர் உட்பட 23 பேரும் விடுதலையானார்கள்.

இதைப் படமாக்க நினைக்கும் இயக்குநர் மடத்துக்குப் பயப்படுவார் என்பார்கள். அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. விசாரிக்கப்பட்ட 189 சாட்சிகளில் 83 பேர் பிறழ்சாட்சியானார்கள். அப்ரூவரும் அதில் ஒருவர். உச்சக்காட்சியில் வசனம் பேச ஆளே இல்லாத வழக்கு இது.

நம் சினிமாவின் நீதிமன்றமோ பேச்சாளர்களின் மேடை. ‘பராசக்தி’யில் குற்றவாளிக் கூண்டே மேடையானது. ‘விதி’யின் வாதங்கள் டீக்கடை டேப் ரெக்கார்டர்களில் ஓடின. ‘ஜெய் பீம்’ இந்த மரபின் நேர்மையான வாரிசு. 1993-ல் முதனை கிராமத்து ராஜாக்கண்ணு போலீஸ் காவலில் இறந்ததும், அவர் மனைவிக்காக வழக்கறிஞர் சந்துரு ஆட்கொணர்வு மனுவில் வாதாடியதும் உண்மை. ஆனால் போலீசாருக்கு உயர் நீதிமன்றம் தண்டனை தந்தது 2006-ல். இடைப்பட்ட பதின்மூன்று ஆண்டுகளைச் சாட்சிகள் எப்படிக் கடந்தார்கள் என்பது படத்தில் இல்லை. சந்துருவாக நடிக்கும் சூர்யா கோப்பைப் புரட்டும் வேகத்தில் அது கரைந்துவிடுகிறது. மராத்தியில் சைதன்ய தம்ஹானே எடுத்த ‘கோர்ட்’டில் அந்த வேகம் கிடையாது, வாய்தாவும் கொட்டாவியும்தான். எனக்கு அதுதான் நிஜமான நீதிமன்றமாகப் படுகிறது.

83 பேர் என்றதும் ‘விலைபோய்விட்டார்கள்’ என்று முடிவுகட்டுவது எளிது. சற்று நிதானிக்க வேண்டும். அன்றைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 161-வது பிரிவில் போலீஸ் எழுதிக்கொண்ட வாக்குமூலத்தில் சாட்சியின் கையெழுத்து கிடையாது, வாங்கவும் கூடாது. அதில் இருப்பது அவர் சொன்னதா, அதிகாரி எழுதிக்கொண்டதா? கூண்டில் ஏறி ‘நான் அப்படிச் சொல்லவில்லை’ என்பவர் அன்று பொய் சொல்லியிருக்கலாம், இன்று சொல்லலாம், அல்லது எப்போதுமே சொல்லாமல் இருக்கலாம். விடுதலைத் தீர்ப்பை மதிக்கிற, அதே நேரம் ‘அப்படியானால் கொன்றது யார்?’ என்ற கேள்வியையும் விடாத ஒரு படத்துக்கு இந்தக் குழப்பமே கதை.

காஞ்சியைச் சினிமா அறியாததல்ல. பிரியதர்ஷனின் ‘காஞ்சிவரம்’ தறிக்காரனின் வறுமையைச் சொல்லி தேசிய விருது வாங்கியது. ஆனால் பட்டும் கோயிலும் மடமும் ஒன்றையொன்று சார்ந்து பிழைக்கும் ஊரில் சாட்சி சொல்வது வேறு கதை. நூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து புதுச்சேரியில் கூண்டேறுகிறவர், அன்று இரவே அதே தெருவுக்குத் திரும்ப வேண்டும். வழக்கை இடம் மாற்றிய நீதிமன்றத்தால் சாட்சியின் வீட்டை இடம் மாற்ற முடியாது.

அதற்கென்று ஒரு ஏற்பாடு வந்தது காலம் கடந்துதான். 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்தை ஏற்று நாடு முழுமைக்கும் பொருந்தும் என்றது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில், 398-வது பிரிவு மாநிலங்கள் இத்தகைய திட்டத்தை அறிவிக்க வேண்டும் என்கிறது. தாளில் நன்றாகவே இருக்கிறது: வீட்டுக்குக் காவல், அடையாள மறைப்பு, தேவைப்பட்டால் இடமாற்றம். ஆனால் 2018 திட்டப்படி பாதுகாப்பு ஒரு முறைக்கு மூன்று மாதத்தைத் தாண்டாது. சங்கரராமன் வழக்கு ஒன்பது ஆண்டு நடந்தது. பாதுகாப்பு கேட்கும் மனுவை முடிவுசெய்யும் குழுவுக்கு மாவட்ட நீதிபதி தலைவர். மாவட்டப் போலீஸ் தலைமை அதிகாரி உறுப்பினர். ராஜாக்கண்ணு வழக்கைப் போலப் போலீசையே குற்றம்சாட்டும் சாட்சியும் அந்தக் குழுவிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும்.