ஒரே ஒரு ஊர் போதும்

டூர் அட்டவணை போடுகிறவர்களுக்கு மலை என்றால் ஒரே ஒரு உவமைதான் தெரியும்: 'மினி சுவிட்சர்லாந்து'. இத்தாலியின் வடக்கு ஓரத்தில் இருக்கும் டோலமைட் மலைகளையும் இதே பெயரில்தான் விற்கிறார்கள். மூன்று நாளில் இரண்டு ஏரி, நாலு சிகரம், ரெண்டு ஊர், ராத்திரி வெனிஸ். எல்லாவற்றையும் 'கவர்' பண்ணிவிடலாமாம். தலையணை உறையா ஸார் அது, கவர் பண்ண?

கொஞ்சம் கணக்குப் போடுவோம். மூன்று இரவு, நாலு நாள். போகிற நாளும் வருகிற நாளும் ரயிலில், பெட்டி தூக்குவதில் கழிந்துவிடும். மிச்சம் முழுசாக இரண்டு நாள். நடுவில் ஒரு தடவை ஓட்டல் மாற்றினால் அதில் அரை நாள் அவுட். போல்சானோவிலிருந்து கோர்ட்டினாவுக்கு மலைப்பாதையில் காரில் போகவே இரண்டு மணி நேரத்துக்கு மேல். ஆக, லட்சக்கணக்கில் செலவு செய்து நீங்கள் பார்ப்பது முன் ஸீட்டின் முதுகை.

'மறுபடி வரப்போறோமா என்ன? போனது போனதுதான், எல்லாத்தையும் பாத்துடணும்' என்பார்கள். நியாயமாகத் தோன்றும். ஆனால் மறுபடி வரமாட்டோம் என்பதுதானே ஒன்றையாவது ஒழுங்காகப் பார்ப்பதற்குச் சரியான காரணம்?

என் யோசனை, மூன்று இரவும் போல்சானோவிலேயே தங்குங்கள். வெரோனாவிலிருந்து ரயிலில் சுமார் ஒன்றரை மணி நேரம். கடல் மட்டத்திலிருந்து வெறும் 262 மீட்டர்தான் என்பதால் 'இது மலை ஊரே இல்லையே' என்று உதட்டைப் பிதுக்குகிறவர்கள் உண்டு. ஊரிலிருந்தே கேபிள் காரில் ஏறினால் பன்னிரண்டே நிமிடத்தில் 1,200 மீட்டர் உயரத்தில் ரெனோன் பீடபூமியில் இறக்கிவிடுவான். அங்கே 1907 முதல் ஓடுகிற குட்டி ரயில் இருக்கிறது. அதன் கடைசி ஸ்டேஷனில் இறங்கி நடந்தால், தலையில் பாறாங்கல்லைத் தொப்பி மாதிரி வைத்துக்கொண்டு நிற்கும் மண்கோபுரங்கள். கல் இருக்கும்வரை மழை மண்ணைக் கரைக்காது. கல் விழுந்தால் கோபுரம் காலி. சாயங்காலம் வானம் தெளிவாக இருந்தால், ஊரிலிருந்தே கிழக்கே பாருங்கள். ரோசன்கார்ட்டன் சிகரங்கள் ரோஜா நிறத்துக்கு மாறும். இதற்கு டிக்கெட் கிடையாது.

மறுநாள் மியூசியம். 1991 செப்டம்பரில் 3,210 மீட்டர் உயரத்தில் பனிக்கட்டியிலிருந்து கிடைத்த ஓட்ஸி என்ற மனிதன் இங்கேதான், மைனஸ் ஆறு டிகிரியில் படுத்திருக்கிறான். வயசு சுமார் 5,300 வருஷம். உடம்பில் 61 பச்சைக்குத்தல்கள். பத்து வருஷம் ஆராய்ந்த பிறகு, 2001-ல்தான் எக்ஸ்ரேயில் இடது தோளில் ஓர் அம்புமுனை இருப்பதைப் பார்த்தார்கள். கொலை! நிபுணர்களுக்கே பத்து வருஷம் ஆன இடத்தில் நாம் இருபது நிமிடத்தில் பார்த்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடுவது கொஞ்சம் அவமரியாதை. (பெரும்பாலான மாதங்களில் திங்கட்கிழமை மியூசியம் லீவு. பார்த்து பிளான் பண்ணுங்கள்.)

ஆனால் 'கவர்' கோஷ்டி மேல் எனக்கு இருக்கும் முக்கியமான கோபம் வேறு. இந்த ஊருக்கு இரண்டு பெயர்கள். இத்தாலியனில் போல்சானோ, ஜெர்மனில் போட்சன். முதல் உலகப் போர் முடியும்வரை இது ஆஸ்திரியா. 1919 உடன்படிக்கையில் இத்தாலிக்குப் போனது. அடுத்து முசோலினி வந்தார். 1923 முதல் ஊர்ப் பெயர்களை மாற்றினார்கள், ஜெர்மன் பள்ளிகளை மூடினார்கள். கல்லறைக் கல்லில்கூட ஜெர்மனில் எழுதக்கூடாது என்றார்கள். குழந்தைகள் ரகசியமாக வீடுகளில் உட்கார்ந்து தாய்மொழி படித்தார்கள். 1939-ல் ஹிட்லரும் முசோலினியும் சேர்ந்துகொண்டு, 'ஒன்று ஜெர்மனிக்குப் போ, இல்லையென்றால் மொழியை மறந்துவிட்டு இங்கே இரு' என்கிற ரீதியில் மக்களைத் தேர்வு செய்யச் சொன்னார்கள். 1972-ல் விரிவான தன்னாட்சி கிடைத்த பிறகுதான் ஓரளவு மூச்சு விட்டார்கள்.

மொழி என்றால் என்ன என்று யாரும் சொல்லித்தர வேண்டாத ஊரிலிருந்து போகிற நாம், இது எதுவும் தெரியாமல் 'வாவ்' என்று செல்ஃபி எடுத்துக்கொண்டு திரும்பலாமா?

ஊருக்குள்ளேயே பாசிஸ்டுகள் 1928-ல் திறந்த வெற்றிச் சின்னம் நிற்கிறது. நாகரிகம் கற்றுத்தர வந்தோம் என்று அதன் நெற்றியில் லத்தீனில் எழுதியிருக்கிறது. அதை இடிக்கவும் இல்லை, கொண்டாடவும் இல்லை. ஒரு தூணுக்கு எலெக்ட்ரானிக் எழுத்து ஓடும் வளையம் மாட்டி, அடியில் 2014-ல் கண்காட்சி வைத்து, நடந்ததை விளக்கமாக எழுதிவிட்டார்கள். எந்தச் சிகரத்தையும்விட அரிய காட்சி இது.

பிரபலமான இடங்களின் கதையையும் கேளுங்கள். பிராயஸ் ஏரிக்கு உச்ச சீஸனில் முன்பதிவு இல்லாமல் காரில் பகலில் போக முடியாது. செசேதா முகட்டில் 2025 கோடையில் நிலத்துக்காரர்கள் சுழல் கேட் போட்டு ஐந்து யூரோ கேட்டார்கள். 'இயற்கைக்குக் கட்டணமா?' என்று கத்தினார்கள். நான் விவசாயிகள் கட்சி. நாம் போட்டோவுக்காக மிதிப்பது அவர்கள் மாட்டுக்கு வெட்டி வைக்கும் புல்.

'சாப்பாட்டுக்கு என்ன பண்றது?' என்ற கேள்வி வரும். கீரையும் சீஸும் போட்ட ரொட்டி உருண்டை கிடைக்கும். கீரை உள்ளே வைத்த ஷ்லுட்ஸ்கிராப்ஃபன் கிடைக்கும். பன்றிக்கறி சேர்ந்த வகைகளும் உண்டு என்பதால் கேட்டுச் சாப்பிடுங்கள். புளிக்காய்ச்சல் பாட்டில் பெட்டியில் கசியாமல் இருப்பது எல்லோருக்கும் நல்லது.

ரூம் போடும்போதே 'கெஸ்ட் பாஸ் உண்டா?' என்று கேளுங்கள். பல விடுதிகள் மாகாணத்துக்குள் பஸ், ரயிலுக்கு இலவச பாஸ் தருகின்றன. கார் வேண்டாம். நவம்பரில் போகாதீர்கள், மேலே பல ஓட்டல்களும் கேபிள் கார்களும் ஓய்வெடுக்கும் மாதம்.

முக்கியமாக, ஸ்டேஷனில் இறங்கியதும் பெயர்ப்பலகையை ஒரு தடவை நின்று படியுங்கள். இரண்டு பெயரையும். அந்த இரண்டாவது பெயரைக் காப்பாற்ற அவர்களுக்கு ஐம்பது வருஷம் ஆயிற்று. உங்களுக்கு ஐந்து விநாடி போதும்.