வாத்தியம் பிள்ளைகளுக்கு மட்டுமா?

ஆனேக்கல், சந்தாபுரா, பொம்மசந்திரா, அத்திப்பள்ளி வட்டாரத்துத் தமிழ்க் குடும்பங்களில் ஒரு நல்ல பழக்கம் காணப்படுகிறது. வாடகை, சீட்டு, பள்ளிக் கட்டணம் எல்லாம் போக மிஞ்சுகிற பணத்தில், பெண்ணையோ பையனையோ கீபோர்டு வகுப்புக்கும் வயலின் வகுப்புக்கும் அனுப்புகிறார்கள். பாராட்ட வேண்டிய காரியம்தான். ஆனால் பிள்ளையை வகுப்பில் விட்டுவிட்டு, வாசலில் ஸ்கூட்டர் மேல் உட்கார்ந்து செல்போனைத் தடவிக்கொண்டிருக்கிற அப்பாவை ஏன் யாரும் உள்ளே கூப்பிடுவதில்லை? அவரும் ஏன் கேட்பதில்லை?

வாத்தியம் கற்றுக்கொள்வது சின்ன வயதுக்காரர்களின் வேலை என்று நாமே முடிவு கட்டிவிட்டோம். பிள்ளைகளை விட, நாள் முழுவதும் உழைத்துக் களைத்து வருகிற பெரியவர்களுக்குத்தான் அது அதிகம் தேவை என்பது என் கட்சி.

நம் வாழ்க்கையைக் கொஞ்சம் பாருங்கள். தொழிற்சாலைத் தொழிலாளி எட்டு மணி நேரம் ஒரே உதிரிப் பாகத்தைச் செய்கிறார். அது எந்த வண்டியில் பொருந்தும், எந்த ஊரில் ஓடும் என்பது அவருக்குத் தெரியாது. குமாஸ்தா நாள் முழுவதும் அடுத்தவர் கணக்கைக் கூட்டிக் கழிக்கிறார். மாலையில் அறைக்குத் திரும்பினால், செல்போன் இருக்கிறது. கொஞ்சம் தள்ளி ஒயின் ஷாப் இருக்கிறது. இரண்டும் நேரத்தைத் தின்னுமே தவிர, எதையும் திருப்பித் தராது. ஒரு புல்லாங்குழலில் ஸரிகமபதநி ஏழும் சுத்தமாக வருகிற அன்று நிலைமை வேறு. அது முதலிலிருந்து முடிவுவரை தன் கையால் செய்த பொருள். அதற்கு மேஸ்திரி இல்லை, கெடு இல்லை, சம்பளப் பிடித்தமும் இல்லை.

உடம்புக்கும் மூளைக்கும் நன்மை உண்டா என்று கேட்பவர்கள் உண்டு. அமெரிக்காவில் நியூயார்க் நகரத்தின் பிராங்க்ஸ் பகுதியில், 75 வயதைக் கடந்த 469 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 2003-ல் ஓர் ஆய்வு முடிவை வெளியிட்டார்கள். வாசிப்பு, சதுரங்கம் போன்ற விளையாட்டுகள், நடனம், வாத்தியம் வாசித்தல் ஆகிய பழக்கங்கள் உள்ளவர்களிடம் மறதி நோய் குறைவாகக் காணப்பட்டது. வாசித்ததால் நோய் வரவில்லையா, மூளை தெளிவாக இருந்ததால் வாசித்தார்களா என்பதை அந்த ஆய்வை மட்டும் வைத்து அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆகவே வாத்தியத்தை மருந்து என்று நான் விற்கவில்லை. கண், காது, விரல், நினைவு நான்கும் ஒரே நேரத்தில் ஒன்றுக்கொன்று கட்டுப்பட்டு வேலை செய்கிற பயிற்சிகள் உலகத்தில் அதிகம் இல்லை என்று மட்டும் சொல்கிறேன்.

சாக்குகள் நான்கு

நேரம் இல்லை என்பது முதல் சாக்கு. வாரம் ஒருமுறை ஷிப்ட் மாறுகிறவருக்கு நிலையான மணிக்கணக்கு கிடையாது என்பது உண்மைதான். அவர் கடிகாரத்தை நம்பாமல், குளித்த பிறகு, சாப்பாட்டுக்கு முன்பு என்று தன் நாளோடு பயிற்சியைக் கட்டிப்போட வேண்டும். அரை மணி போதும். மிருதங்கமோ தவிலோ கற்கிறவர் சொற்கட்டை வாயால் சொல்லித் தொடையில் தட்டலாம். சந்தாபுராவிலிருந்து சில்க் போர்டு வரை பஸ் நெரிசலில் நிற்கிற நேரமெல்லாம் சாதக நேரமாகிவிடும்.

வயதாகிவிட்டது என்பது இரண்டாவது. நாற்பது வயது விரல் பத்து வயது விரலைப் போல வளையாது, ஒப்புக்கொள்வோம். நாம் கச்சேரி மேடைக்கா போகப் போகிறோம்? பெரியவர்களுக்கு ஒரு வசதி உண்டு. தவறு எங்கே வருகிறது என்று கண்டுபிடித்து, அந்த இடத்தையே திரும்பத் திரும்பச் செய்து சரி பண்ணும் பொறுமையை மெஷினும் லெட்ஜரும் நமக்கு ஏற்கெனவே கற்றுக்கொடுத்திருக்கின்றன.

பணம் மூன்றாவது. வீணைக்கும் மிருதங்கத்துக்கும் செலவு அதிகம்தான். மூங்கில் புல்லாங்குழல் சில நூறு ரூபாயில் கிடைக்கிறது. மவுத் ஆர்கனும் இருக்கிறது.

நான்காவது சாக்கில் நியாயம் உண்டு. ஒற்றை அறை வீடுகள் வரிசையாக இருக்கிற வட்டாரத்தில், பக்கத்து அறையில் நைட் ஷிப்ட் முடித்தவர் தூங்கும்போது தவில் அடிக்க முடியாது. அதற்குக் கோயில் மண்டபம், சங்கக் கட்டடம், ஞாயிற்றுக்கிழமை மைதானம் ஆகியவற்றை நாம் கேட்டுப் பெற வேண்டும்.

கௌரவம் என்னும் தடை

இவற்றையெல்லாம் விடப் பெரிய தடை நம் மனதில் இருக்கிறது. வயலின் என்றால் மதிப்பு. பறை என்றால் முகம் சுளிப்பு. ஊரில் சாவுக்கு அடித்தவர்களின் வாத்தியம் என்று ஒதுக்கினோம், அடித்தவர்களையும் ஒதுக்கினோம். அந்த வீட்டுப் பிள்ளைகள் பலர், பெங்களூர்ப் பக்கம் வேலைக்கு வந்ததும், தகப்பனார் பறையடித்தவர் என்பதையே வெளியில் சொல்வதில்லை. அவர்களை அப்படிக் கூச வைத்த நாம்தான் கூச வேண்டும்.

வாத்தியங்களுக்குள் உயர்வு தாழ்வு மனிதர்கள் போட்ட வரிசை; அது நிலையானதும் அல்ல. கர்நாடக சங்கீதத்தின் முக்கிய பக்கவாத்தியமாகிய வயலினே மேல்நாட்டிலிருந்து வந்ததுதான். நம் சங்கீதத்துக்கு ஒத்துவராது என்று அகில இந்திய வானொலி 1940-ல் ஆர்மோனியத்துக்குத் தடை போட்டது. 1971-ல் அந்தத் தடை தளர்ந்தது. பறைக்கும் காலம் மாறியிருக்கிறது. மதுரை மாவட்டம் அலங்காநல்லூரைச் சேர்ந்த பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025-ல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 2023-ல், கர்நாடகத்தின் சிக்கபள்ளாபூர் மாவட்டத்துத் தமட்டே கலைஞர் முனிவெங்கடப்பாவுக்கும் அதே விருது கிடைத்தது.

தமட்டே என்றால் என்ன? ஆனேக்கல் வட்டாரத் திருவிழாக்களில் அதைக் கேட்டிருப்பீர்கள். வட்டச் சட்டத்தில் இழுத்துக் கட்டிய தோல். தீயில் காய்ச்சிச் சுருதி ஏற்றுவார்கள். இரண்டு குச்சிகளால் அடிப்பார்கள். நம் ஊரில் அடிக்குச்சி, சிண்டுக்குச்சி பிடித்து அடிப்பதற்கு அது சொந்தத் தம்பி. பெயர் மாறியிருக்கிறது, அடி மாறியிருக்கிறது; உறவு மாறவில்லை. ஒருபக்கம் ஒதுக்கப்பட்டவர்கள்தான் மறுபக்கமும் ஒதுக்கப்பட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

எல்லை தாண்டிய நாதம்

வேறு மாநிலத்தில் பிழைக்கிற நமக்கு இதில் இன்னொரு பாடம் உண்டு. காவிரிப் பிரச்னை மூளும்போதெல்லாம் அத்திப்பள்ளி எல்லையில் பஸ்கள் நின்றுவிடுகின்றன. 1991 டிசம்பரையும் 2016 செப்டம்பரையும் நம்மில் பலர் மறக்கவில்லை. அதே காவிரி கபினியோடு கூடுகிற திருமகூடலு நரசீபுரத்தில் பிறந்தவர்தான் வயலின் மேதை மைசூர் சௌடையா. மைக் இல்லாத காலத்தில் வயலின் ஒலி கடைசி வரிசைக்கு எட்டவில்லை என்று கண்டு, மூன்று தந்திகளைக் கூட்டி ஏழு தந்தி வயலின் ஆக்கிக்கொண்டார். நல்ல தொழிலாளி தன் கருவியைத் தானே திருத்திக்கொள்வதைப் போன்றது அது. அரியக்குடிக்கும் செம்பைக்கும் பக்கத்தில் அமர்ந்து வாசித்தார். 1957-ல் சென்னை மியூசிக் அகாடமி அவருக்குச் சங்கீத கலாநிதி பட்டம் அளித்தது. பெங்களூரில் 1980-ல் கட்டப்பட்ட, வயலின் வடிவிலான மண்டபம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அங்கிருந்து இங்கே மட்டுமா? பண்ணைப்புரத்தில் ஆர்மோனியம் பிடித்த இளையராஜா, 1976-ல் ‘அன்னக்கிளி’க்கு இசையமைப்பதற்கு முன், கன்னடத் திரையின் புகழ்பெற்ற இசையமைப்பாளர் ஜி.கே.வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்து தொழில் கற்றவர். கற்றுக்கொடுத்தவரும் கற்றுக்கொண்டவரும் எல்லைக்கோட்டைப் பார்த்திருந்தால் யாருக்கு நஷ்டம்? இசை கலவரத்தைத் தடுத்துவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஞாயிறுதோறும் ஒரே ஆசிரியர் முன் உட்கார்ந்து ஒரே தாளம் போடுகிற இரண்டு பேர், பந்த் நாளில் ஒருவர் வீட்டுக் கதவை இன்னொருவர் தட்டி விசாரிப்பார்கள். அதுவே பெரிய காரியம்.

ஆகவே, பொங்கல் விழாவுக்கு ஆர்க்கெஸ்ட்ராவை வரவழைத்து ஒரே இரவில் பெரும் தொகை செலவழிக்கிற நம் சங்கங்கள், அதில் ஒரு பகுதியை ஒதுக்கி, பெரியவர்களுக்கு வாரம் ஒரு வகுப்பு நடத்தட்டும். ஆசிரியர் தமிழராக இருந்தாலும் கன்னடராக இருந்தாலும் உரிய சம்பளம் கொடுக்கட்டும். பறை தெரிந்தவர் நம் குடியிருப்பிலேயே இருந்தால் அவரை மேடையில் ஏற்றி, ஆசான் என்று அழைக்கட்டும். தேர்ச்சிச் சான்றிதழ் விரும்புகிறவர்களுக்குக் கர்நாடகத்தில் ஜூனியர், சீனியர், வித்வத் என்று இசைத் தேர்வுகள் இருக்கின்றன. கன்னட அண்டை வீட்டாரையும் வகுப்புக்கு அழைக்கலாம். கதவைத் திறந்து வைத்தால் போதும்.

வகுப்பு தொடங்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. இந்தச் சம்பளத்தில் ஒரு புல்லாங்குழல் வாங்குங்கள். முதல் பதினைந்து நாள் வெறும் காற்றுதான் வரும்; வீட்டில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். ஊதுவதை மட்டும் நிறுத்தாதீர்கள்.