கட்டிலுக்குப் பின்னாலுள்ள பிளக்



வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பகுதி முதியோர் இல்லங்களுக்கு நான் அடிக்கடி போய்வருகிறேன். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, தனி அறையில் நாட்களைக் கழிக்கும் தாய்மார் அங்கே பலர். அவர்களைப் பராமரிக்கும் வேலையில் உங்களிலும் சிலர் இருக்கிறீர்கள். சாப்பாட்டையும் மருந்தையும் விசாரிக்கிறோம். கட்டிலுக்குப் பின்னாலுள்ள பிளக்கை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

ஓர் அறையில் ஒரே எக்ஸ்டென்ஷன் வயரில் மின்விசிறி, கேத்தல், காற்று மெத்தையின் பம்பு, சாமிப்படத்துச் சிவப்பு லைட் எல்லாம் தொங்கின. கேத்தலை எப்போதும் சுவரிலுள்ள சொக்கெட்டில் தனியாகவே மாட்ட வேண்டும். அங்கே கனடாவிலிருந்து மகள் அனுப்பிய, முழங்காலுக்குச் சூடு கொடுக்கும் பட்டையும் இருந்தது. கனடாவில் மின்சாரம் 120 வோல்ட், இங்கே 230. அந்தப் பட்டையை இங்கே மாட்டினால் மூன்றரை மடங்குக்கு மேல் மின்சாரத்தை இழுத்துக் கொதிக்கும். அடப்டர் பிளக்கின் வடிவத்தை மாற்றுமே தவிர வோல்ட்டைக் குறைக்காது. போன் சார்ஜர்களில் பெரும்பாலும் 100–240 என்றிருக்கும், அவற்றுக்குப் பயமில்லை.

"பிள்ளை, என்ர மகள் அனுப்பினது, எறிஞ்சு போடாதை" என்றார் அந்த அம்மா. எறியத் தேவையில்லை, அலுமாரியில் இருக்கட்டும். துணி சுற்றிய சுடுதண்ணீர்ப் பை போதும்.

போர்க்காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டவர்கள் நம் அம்மாமார். எப்படியாவது வேலை செய்தால் சரி என்ற பழக்கம் இன்னும் போகவில்லை. மேல் துளையில் பேனாவை நுழைத்து இரண்டு முள் பிளக்கைச் செருகுவதும் அதில் ஒன்றுதான். இறுக்கமில்லாத பிளக் சூடாகும். கடற்கரைப் பக்க வீதிகளில் உப்புக்காற்று முள்ளைக் களிம்பேற்றுவதால் இன்னும் மோசம். சொக்கெட் சுட்டாலோ, மண்ணிறமாகியிருந்தாலோ சுவிட்சை அணைத்துவிட்டு மின்திருத்துநரைக் கூப்பிடுங்கள்.

2015 மேயில் சீனாவின் ஹெனான் மாகாணத்து முதியோர் இல்லமொன்றில் வயர்க் கோளாறால் தீப்பிடித்து 39 பேர் இறந்தார்கள். எழுந்து ஓட முடியாதவர்களுக்குச் சிறு தீயும் பெரிய தீதான்.

ட்ரிப் சுவிட்சிலுள்ள டெஸ்ட் பொத்தானை மாதமொருமுறை அழுத்தச் சொல்லுங்கள். உடனே கரண்ட் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அது காவல் காக்கவில்லை. ஒட்சிசன் மெசினில் யாராவது இருந்தால் மாற்று ஏற்பாடு செய்த பிறகே அழுத்துங்கள்.

நிர்வாகம் கேட்காவிட்டால் பிரதேச செயலகத்தில் முதியோர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடம் சொல்லலாம். வெள்ளவத்தைக்குத் திம்பிரிகஸ்யாய, கொட்டாஞ்சேனைக்குக் கொழும்புப் பிரதேச செயலகம். முதியோர் உரிமைகளைப் பாதுகாக்க 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. தமிழில் எழுதிக் கொடுத்தாலும் அவர்கள் ஏற்க வேண்டும். பிரதியில் திகதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.