அமீன் என்று பெயர் சூட்டினால் போதுமா?

அமானிதம் என்ற சொல்லை அறியாத முஸ்லிம் குடும்பம் தமிழகத்தில் இராது. ஹஜ்ஜுக்குப் புறப்படும் ஒருவர் தம் நகைப் பெட்டியை அண்டை வீட்டாரிடம் ஒப்படைத்துச் சென்றால் அது அமானிதம். அப்பெட்டியைத் திறந்து பார்ப்பதும், அதிலுள்ள சங்கிலியை ஒருநாள் கல்யாணத்துக்கு அணிந்து செல்வதும் பிழை என்பதை எழுத்தறியாத மூதாட்டியும் சொல்லிவிடுவார். பிக்ஹு கிதாபுகளில் இதற்கு ‘வதீஅத்’ என்று தனிப் பாடமே உண்டு. முப்பது ஆண்டுகளாக அப்பாடத்தை நான் ஓதிக் கொடுத்து வருகிறேன். ஒப்படைக்கப்பட்ட பொருளைக் காத்து நிற்பவனுக்கு ‘அமீன்’ என்று பெயர். அவன் கவனமாகக் காத்திருந்தும் பொருள் அழிந்துபோனால் அவன்மீது பொறுப்பில்லை. ஆனால், உரியவரின் அனுமதியின்றி அதைத் தன் பயனுக்குக் கையாண்டாலோ, காவலில் அசட்டையாக இருந்தாலோ, ஈடு செய்யும் கடமை அவன் தலைமேல் ஏறிவிடுகிறது. இதனை ‘ளமான்’ என்பர். அந்த ஈடு யாருக்குப் போய்ச் சேர வேண்டும்? பொருளை ஒப்படைத்தவருக்கு. ஓதத் தொடங்கிய முதலாண்டு மாணவனும் இதில் தடுமாற மாட்டான்.

2023 ஆகஸ்டில் நம் நாடாளுமன்றம் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்ற ஒன்றை நிறைவேற்றியது. நம் பெயர், வயது, முகவரி, தொலைபேசி எண், நோய், கடன், போக்குவரத்து என்று நம்மைப் பற்றிய விவரங்களைத் திரட்டி வைத்திருக்கும் நிறுவனங்களுக்கு அச்சட்டம் சூட்டியிருக்கும் பெயர் என்னை வியப்பில் ஆழ்த்தியது. பிறர் நம்பி ஒப்படைத்ததைக் காப்பவர் என்று பொருள்படும் சொல் அது. நம் வழக்கில் சொல்வதானால் அமீன். விவரத்துக்கு உரியவரையோ, தலைமைக்குரியவர் என்று பொருள்படும் சொல்லால் அச்சட்டம் அழைக்கிறது. பெயர் சூட்டியதில் ஒரு குறையும் சொல்வதற்கில்லை. அமீன் தவறினால் ஒப்படைத்தவருக்கு என்ன கிடைக்கும் என்று உள்ளே புகுந்து தேடிப் பார்த்தேன். ஒரு காசும் கிடைக்க வழியில்லை. அதைச் சொல்லவே எழுதுகிறேன்.

அதற்கு முன் ஒரு மறுப்பைத் தீர்த்துவிட வேண்டும். “மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம்? நேர்மையாய் வாழ்கிற நமக்கு மறைக்க என்ன இருக்கிறது?” என்று கேட்கும் நல்லவர்கள் நம்மிடையே நிறைய இருக்கிறார்கள். அவர்களும் தங்கள் வீட்டு வாசலுக்குக் கதவு வைத்திருக்கிறார்கள், திரையும் தொங்கவிட்டிருக்கிறார்கள். உள்ளே திருட்டுப் பண்டம் இருப்பதனாலா? பிறர் வீட்டுக்குள் நுழையுமுன் ஸலாம் சொல்லி அனுமதி கேட்க வேண்டும் என்று ஸூரத்துந் நூரிலும், துருவித் துருவி ஆராயாதீர்கள் என்று ஸூரத்துல் ஹுஜுராத்திலும் இறைவன் விதித்திருக்கிறானே, அவ்விதிகள் குற்றவாளிகளின் வீட்டுக்கு மட்டுமா?

இந்த நல்லவர்களுக்காகவே நடந்தது போன்ற ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். தொழுகை நேரமும் கிப்லாத் திசையும் காட்டும் ‘முஸ்லிம் ப்ரோ’ என்ற செயலி உலகெங்கும் 9 கோடியே 80 லட்சத்துக்கும் மேற்பட்ட முறை கைப்பேசிகளில் இறக்கிக்கொள்ளப்பட்டிருந்தது. அதைப் பயன்படுத்துவோர் எங்கெங்கு செல்கிறார்கள் என்ற விவரம் எக்ஸ்-மோட் என்னும் அமெரிக்க நிறுவனத்துக்குப் போய்க்கொண்டிருந்ததாக 2020 நவம்பரில் மதர்போர்டு என்ற செய்தித்தளம் வெளியிட்டது. இத்தகைய விவரங்களை எக்ஸ்-மோட் விற்ற இடங்களில் அமெரிக்க இராணுவத்துக்கு வேலை செய்யும் ஒப்பந்த நிறுவனங்களும் இருந்தன. இராணுவத்துக்கு விற்றோம் என்பதைச் செயலியை நடத்தியவர்கள் மறுத்தார்கள். மறுத்த கையோடு, எக்ஸ்-மோடுடன் இருந்த தொடர்பை அறுத்துக்கொள்வதாகவும் அறிவித்தார்கள். தொடர்பு இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

இது நடக்கும் முறை எளியது. செயலி செய்பவரிடம் எக்ஸ்-மோட் ஒரு சிறு நிரலைக் கொடுக்கும். அதைத் தம் செயலிக்குள் பதித்துக்கொண்டால், பயன்படுத்துவோரின் தொகைக்கு ஏற்பப் பணம் வரும். “உங்கள் இருப்பிடத்தை அறிய அனுமதி தருவீர்களா?” என்று திரை கேட்கும். பாங்கு நேரத்துக்குத்தானே என்று நம்பி நாம் விரலை வைப்போம்.

பாங்கு நேரத்துக்கு நம் இருப்பிடம் எவ்வளவு துல்லியமாகத் தேவை? இல்முல் பலக் படித்தவர்கள் அறிவார்கள்: தீர்க்க ரேகையில் ஒரு பாகை விலகினால் நான்கு நிமிடம் மாறும், நம் நாட்டுப் பக்கம் ஒரு பாகை என்பது ஏறத்தாழ 108 கிலோமீட்டர். நாகூரில் லுஹர் நுழைவதற்கும் தஞ்சாவூரில் நுழைவதற்கும் இடையே மூன்று நிமிடம்கூட இல்லை. ஊர்ப்பெயர் தெரிந்தால் போதும். மிச்சக் கணக்கைக் கைப்பேசியே தனக்குள் போட்டுக்கொள்ளும். நான் குடியிருக்கும் தெருவும், நுழைந்த மருத்துவமனையும், போய் உட்கார்ந்த கூட்டமும், எத்தனை மணி நேரம் அங்கிருந்தேன் என்பதும் லுஹருக்கு எதற்கு? நகைப் பெட்டியைக் காக்கக் கொடுத்தோம். அவர்கள் சாவி போட்டுத் திறந்து, உள்ளிருப்பதைக் கடைவீதியில் கூவி விற்றார்கள். மடியில் கனம் இல்லாதவர்கள் வழியில்தான் இது நடந்தது.

பள்ளிவாசல், தேவாலயம், மருத்துவமனை போன்ற இடங்களுக்குச் சென்று வந்தவர்களின் இருப்பிட விவரங்களை எக்ஸ்-மோடும் அதன் வழிவந்த நிறுவனமும் விற்கக்கூடாதென அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் 2024 ஜனவரியில் தடுத்தது. நல்லதுதான். விற்றுப்போனவை?

இனி நம் சட்டத்துக்கு வருவோம். அதில் நல்லவை இருப்பதை மறைப்பது நீதியாகாது. 1994இல் ‘நக்கீரன்’ வழக்கில், தன்னைத் தனியே விட்டுவிடுமாறு கேட்கும் உரிமை மனிதனுக்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. கர்நாடக உயர்நீதிமன்ற முன்னாள் நீதிபதி புட்டசாமி, ஆதாரை எதிர்த்து 2012இல் தொடுத்த வழக்கில், 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் ஒருமித்து, அந்தரங்கம் அரசியலமைப்பு தந்த அடிப்படை உரிமை என்று தீர்த்தார்கள். அந்த வேரிலிருந்து கிளைத்ததே 2023ஆம் ஆண்டுச் சட்டம். இசைவு என்பது வற்புறுத்தலின்றி, இன்னதற்கென்று தெரிந்து, ஐயத்துக்கு இடமின்றித் தரப்பட வேண்டும் என்கிறது அது. கொடுத்த இசைவைக் கொடுத்த அளவு எளிதாகவே திரும்பப் பெறலாம். என்னைப் பற்றி என்ன வைத்திருக்கிறாய், யாருக்குக் கொடுத்தாய் என்று கேட்கலாம். பிழையைத் திருத்தச் சொல்லலாம். தேவை தீர்ந்ததை அழிக்கச் சொல்லலாம். நமக்குப் பின் இவ்வுரிமைகளைச் செலுத்த ஒருவரை நியமித்தும் வைக்கலாம். பதினெட்டு வயது நிறையாத பிள்ளைகளின் விவரங்களைப் பெற்றோரின் இசைவின்றித் தொடலாகாது. அறிவிப்பைத் தமிழில் கேட்கவும் உரிமை உண்டு.

சட்டமே ஓர் உதாரணமும் காட்டுகிறது. மருத்துவ ஆலோசனை தரும் செயலி ஒன்று, நம் கைப்பேசியிலுள்ள தொலைபேசி எண்களையெல்லாம் பார்க்க அனுமதி கேட்டு, நாமும் சரியென்று கொடுத்துவிட்டாலும், ஆலோசனைக்கு அவ்வெண்கள் தேவையில்லாததால் அந்த இசைவு செல்லாதாம். எங்கள் மஸ்அலாவை யாரோ அப்படியே எடுத்து எழுதியதுபோல் இருந்தது. வதீஅத்தில் எதற்கு அனுமதியோ அதற்கு மட்டும்தான் அனுமதி.

இவ்வளவு அழகாகக் கட்டிய மாளிகைக்கு வாசற்படி வைக்க மறந்தார்களா, வேண்டாமென்று விட்டார்களா தெரியவில்லை. அமீன் அசட்டையாயிருந்து நம் விவரங்கள் திருடர் கைக்குப் போயின என்று வைத்துக்கொள்வோம். சட்டம் விதிக்கும் அபராதம் 250 கோடி ரூபாய் வரை. கேட்கவே மலைப்பாக இருக்கிறதல்லவா? அந்தப் பணம் முழுதும் இந்தியத் தொகுப்பு நிதிக்குப் போய்ச் சேரும் என்கிறது 34ஆம் பிரிவு. விவரத்தைப் பறிகொடுத்து, அதனால் வங்கிக் கணக்கையும் பறிகொடுத்தவருக்கு அதில் பங்கில்லை. நீதிமன்றத்துக்குப் போகலாமே என்றால், வாரியம் விசாரிக்கக்கூடிய எதையும் உரிமையியல் நீதிமன்றம் விசாரிக்கலாகாது என்று 39ஆம் பிரிவு வழியை மறிக்கிறது. அந்த வாரியத்தின் உறுப்பினர்களை நியமிப்பது மத்திய அரசு. பழைய தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில், நிறுவனத்தின் கவனக்குறைவால் நட்டமடைந்தவருக்கு அந்நிறுவனமே இழப்பீடு தர வேண்டும் என்று 43ஏ என ஒரு பிரிவு இருந்தது. அதிகம் பயன்படாத பிரிவுதான், ஆனாலும் இருந்தது. அதையும் நீக்கிவிடச் சொல்கிறது புதிய சட்டம். போதாக்குறைக்கு, பொய்யான அல்லது அற்பமான முறையீடு செய்தால் முறையிட்டவருக்கே பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம். எது அற்பம் என்று தீர்மானிப்பவர் யார்? நாமல்ல.

நம் ஷரீஅத்தில் உரிமைகளை இரு வகையாகப் பிரிப்பர்: ஹக்குல்லாஹ், ஹக்குல் இபாத். இரண்டாவது, அடியானுக்கு அடியான் பட்ட கடன். அதை மன்னிக்கவும் வாங்கவும் உரியவர் ஒருவரே. சுல்தான் தன் கஜானாவில் வாங்கிப் போட்டுக்கொண்டு, கணக்குத் தீர்ந்தது என்று சொல்ல முடியாது. அந்தரங்கம் ஒவ்வொரு மனிதனுக்கும் உரியது என்று ஒன்பது நீதிபதிகள் சொன்ன பிறகு, அது மீறப்பட்டதற்கான ஈட்டை மனிதனிடமிருந்து எடுத்து அரசுக்கும் நிறுவனத்துக்கும் இடையிலான கொடுக்கல் வாங்கலாக மாற்றியது எந்த நீதி?

இழப்பீட்டுக்கு வழி திறந்தால் வழக்குகள் பெருகும், சிறு தொழில்கள் நசிந்துபோகும் என்று ஒரு வாதம் கேட்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மே மாதம் முதல் நடப்பிலுள்ள சட்டத்தின் 82ஆம் பிரிவு, பொருள் இழப்புக்கு மட்டுமன்றி மனத்துக்கு நேர்ந்த இடருக்கும் இழப்பீடு கேட்கும் உரிமையைத் தருகிறது. அங்கே கடைகளெல்லாம் அடைபட்டுப் போய்விடவில்லை.

அரசு தனக்குத் தானே கொடுத்துக்கொண்ட விலக்குகளைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம். நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு என்று சொல்லி, அரசின் எந்த அமைப்பையும் மத்திய அரசு ஓர் அறிவிப்பினால் இச்சட்டத்துக்கு வெளியே நிறுத்திவிடலாம். என்ன வைத்திருக்கிறாய் என்று கேட்கும் உரிமையும் நாம் இசைவு தந்த இடத்தில்தான் செல்லும். இசைவின்றியே விவரம் எடுக்கும் அதிகாரம் உள்ள இடத்தில் கேள்விக்கே இடமில்லை.

அரசையும் அமெரிக்க நிறுவனத்தையும் ஏசி முடித்தாயிற்று. இந்த அளவில் கட்டுரையை நிறுத்தினால் சமுதாயப் பெருமக்கள் பலர் மகிழ்ந்து தலையசைப்பார்கள். ஆனால், நம் அறக்கட்டளைகளும் ஜமாஅத்துகளும் இதே சட்டத்தின் பார்வையில் அமீன்களே. கணினியிலோ கைப்பேசியிலோ ஏழையின் விவரத்தை ஏற்றிய கணத்திலிருந்து அவை பொறுப்பாளிகள். நோன்பு மாதத்தில் அரிசி மூட்டை வாங்க வரும் கைம்பெண்ணிடம் ஆதார் நகல் எதற்கு? குடும்ப அட்டை நகல் எதற்கு? அவற்றைக் கைப்பேசியில் படம் பிடித்து வாட்ஸப் குழுவில் போடுவது எதற்கு? மூட்டையைக் கையில் கொடுத்து, முகம் தெரியப் புகைப்படமும் எடுத்து, பெயருடன் வெளியிடுகிறோமே, கொடுத்தவருக்கு அதில் விளம்பரம், வாங்கியவளுக்கு? அவள் பிள்ளை பள்ளிக்கூடத்தில் அந்தப் படத்தைப் பிறர் கையில் பார்க்க நேரிடும். ‘அவள் சம்மதித்தாள்’ என்பார்கள். அரிசி மூட்டைக்கு முன்னால் நிற்பவளின் சம்மதம் எப்படிப்பட்டது என்பதை மேலே சொன்ன ‘வற்புறுத்தலின்றி’ என்ற சொல்லோடு வைத்து நிறுத்துப் பாருங்கள்.

நம் வீட்டுப் பெண் பிள்ளைகளின் வரன் குறிப்புகளும் இப்படித்தான். படிப்பு, நிறம், உயரம், தகப்பனாரின் தொலைபேசி எண், புகைப்படம் எல்லாம் நூற்றுக்கணக்கானோர் இருக்கும் குழுக்களில் உலவுகின்றன. நிக்காஹ் முடிந்து, குழந்தையும் பிறந்த பின்னும் உலவுகின்றன. அழிக்கச் சொல்லி யாரிடம் போய்க் கேட்பது என்று தகப்பனாருக்குத் தெரியாது.

சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. நிறுவனங்களின் கடமைகளில் பெரும்பாலானவை அதிலிருந்து பதினெட்டு மாதம் கழித்தே நடப்புக்கு வருமாறு அவகாசம் தரப்பட்டது. பெரிய நிறுவனங்கள் வழக்கறிஞர்களை வைத்துப் பார்த்துக்கொள்ளும். நமக்கு வழக்கறிஞர் தேவையில்லை. வதீஅத் பாடம் ஓதியவர் ஒருவர் ஒவ்வோர் ஊரிலும் இருக்கிறார். அடுத்த ரமளானுக்கு விண்ணப்பத் தாள் அச்சுக்குப் போகும்போது, இந்த விவரம் இன்னதற்காகக் கேட்கப்படுகிறது, இத்தனை மாதத்தில் அழிக்கப்படும், புகைப்படம் எடுக்கப்படமாட்டாது, திருத்தவோ அழிக்கவோ இன்னாரை அணுகலாம் என்று நான்கு வரி தமிழில் சேர்த்து அச்சிடுங்கள். இழப்பீட்டுப் பிரிவைத் திரும்பக் கேட்டு நாடாளுமன்ற உறுப்பினருக்கு விண்ணப்பம் எழுதும் ஜமாஅத்துகள், அத்தாளின் ஒரு படியையும் அதனுடன் இணைத்து அனுப்பலாம்.