நான்காம் நாள் விருந்தாளி



1984ஆம் ஆண்டு தூர்தர்ஷனில் 'யே ஜோ ஹை ஜிந்தகி' என்னும் இந்தி நகைச்சுவைத் தொடர் ஒளிபரப்பாயிற்று. வீட்டில் உருது பேசும் ஆம்பூர், வாணியம்பாடிக் குடும்பங்களின் மூத்தோர் சிலருக்கு அது இன்றும் நினைவில் இருக்கும். ஷஃபி இனாம்தாரும் ஸ்வரூப் சம்பத்தும் கணவன் மனைவியாக நடித்தனர். மனைவியின் தம்பியாக, வேலையின்றி அக்காள் வீட்டிலேயே தங்கி உண்டு உறங்கும் மைத்துனனாக ராகேஷ் பேடி நடித்தார். சதீஷ் ஷாவோ வாரந்தோறும் புதிய வேடத்தில் தோன்றி அவ்வீட்டின் அமைதியைக் குலைப்பார். நாடு முழுவதும் சிரித்தது.

அத்தொடரை எழுதியவர் இந்தி நையாண்டி எழுத்தாளர் சரத் ஜோஷி. 'விருந்தாளியே, நீ எப்போது போவாய்' என்னும் பொருள்படும் தலைப்பில் அவர் எழுதிய கட்டுரை ஒன்று பள்ளிப் பாடநூலிலும் இடம்பெற்றது. விருந்தாளி வந்து நான்காம் நாள் அது. வீட்டுக்காரன் அவர் கண்ணில் படும்படி நாட்காட்டியின் தேதியை மாற்றிக் காட்டுகிறான். முதல் நாள் பரிமாறிய விருந்து கிச்சடியாக இறங்கிவிடுகிறது. விருந்தாளிக்கோ எதுவும் உறைப்பதில்லை. ஆனால் கட்டுரையில் உள்ள அத்தனை புலம்பலும் வீட்டுக்காரனின் மனத்துக்குள்தான் நிகழ்கிறது. அவன் ஒரு சொல்லேனும் வாய் திறந்து கூறுவதில்லை.

அந்த மௌனத்தைப் பற்றித்தான் இங்கே பேச விரும்புகிறோம்.

நம் மத்ரஸாவில் ஓதும் சிறுவன் ஒருவன் சென்ற கோடை விடுமுறையில் காலை வகுப்பில் தொடர்ந்து உறங்கி விழுந்தான். காரணம் வினவினோம். "பெரியப்பா வீட்டார் வந்திருக்கிறார்கள் ஹஜ்ரத். நாங்கள் சமையலறையில் படுக்கிறோம்" என்றான். எப்போது திரும்புவார்கள் என்று கேட்டோம். "தெரியாது ஹஜ்ரத். கேட்கக் கூடாது என்று அம்மா சொல்லியிருக்கிறார்கள்" என்றான்.

திருமணம் ஒன்றுக்காக வந்தவர்கள். பத்தொன்பது நாள்கள் ஆகியிருந்தன. அச்சிறுவனின் தாய் ஷூ கம்பெனியில் தையல் எந்திரத்தில் வேலை செய்பவர். நம் தோல் தொழில் வட்டாரத்தில் இத்தகைய பெண்கள் எத்தனை பேர் என்பது, விடியற்காலையில் கம்பெனிப் பேருந்துகளைப் பார்ப்போருக்குத் தெரியும். அவர் ஃபஜ்ருக்கு முன்பே எழுந்து விருந்தினருக்கும் சேர்த்துச் சமைத்துவிட்டு வேலைக்குச் செல்வார். மாலையில் திரும்பியதும் மீண்டும் அடுப்படிக்குச் செல்வார். கணவரின் அண்ணனும் அவருடைய வளர்ந்த மகன்களும் வீட்டில் இருப்பதால், தம் சொந்த வீட்டில் முக்காட்டைத் தளர்த்தி மூச்சுவிட அவருக்கு ஒரு மூலை இல்லை. தொலைக்காட்சியில் வந்த மைத்துனன் அவ்வீட்டுப் பெண்ணின் உடன்பிறந்த தம்பி; இந்தச் சிரமம் அவளுக்கு இல்லை. நம் வீடுகளில் பெரும்பாலும் இது வேறு விதமாகவே அமைகிறது.

விருந்தோம்பலைப் பற்றி நாம் ஆற்றாத பயான்கள் இல்லை. இப்ராஹீம் (அலை) அவர்கள் விருந்தினரிடம் கேட்டுக்கொண்டிராமல் கொழுத்த கன்றைச் சமைத்துக் கொண்டுவந்ததைச் சொல்கிறோம். பிள்ளைகளை உறங்கவைத்து, விளக்கையும் அணைத்து, இருந்த உணவை விருந்தாளிக்கே அளித்த அன்ஸாரித் தம்பதியரைச் சொல்லிக் கண் கலங்குகிறோம். அந்த விருந்தாளி ஓர் இரவின் பசியோடு வந்தவர் என்பதைச் சொல்ல மறந்துவிடுகிறோம். திருக்குறளின் விருந்தோம்பல் அதிகாரத்தில் உள்ள பத்துக் குறள்களும்கூட உபசரிப்பவரை நோக்கியே பேசுகின்றன. விருந்தாளிக்கு யார் கற்பிப்பது?

அல்லாஹ்வே கற்பித்தான். ஸைனப் (ரலி) அவர்களின் வலீமா விருந்தில் உணவு முடிந்த பின்னரும் சிலர் பேசிக்கொண்டே அமர்ந்திருந்தனர். நபி (ஸல்) அவர்கள் எழுந்து வெளியே சென்றார்கள்; தம் மற்ற மனைவியரின் அறைகளுக்குச் சென்று ஸலாம் கூறித் திரும்பினார்கள். அவர்கள் அப்போதும் அங்கேயே இருந்தனர். அனஸ் (ரலி) அறிவிக்கும் இந்நிகழ்ச்சியை ஒட்டியே அல் அஹ்ஸாப் அத்தியாயத்தின் 53ஆம் வசனம் இறங்கியது. உண்டு முடித்தால் கலைந்து செல்லுமாறு அது பணிக்கிறது. நீங்கள் இருப்பது நபிக்கு வேதனை தருகிறது, அதைச் சொல்ல அவர் வெட்கப்படுகிறார், உண்மையைச் சொல்ல அல்லாஹ் வெட்கப்படுவதில்லை என்று அது விளக்கமும் தருகிறது.

சிந்தித்துப் பாருங்கள். ஒரு சமுதாயத்தையே வழிநடத்திய தலைவருக்கு, தம் வீட்டு விருந்தாளியை நோக்கி 'எழுந்து செல்லுங்கள்' என்று கூற நா எழவில்லை. எனில் ஷூ கம்பெனியில் உழைத்துக் களைத்துவரும் ஒரு பெண், தம் கணவரின் அண்ணனிடம் அதைக் கூறுவாரா? வீட்டாரின் வெட்கம் அவர்களுடைய குறையன்று, அது நற்பண்பு. அதைப் பயன்படுத்திக்கொள்வதுதான் குறை. வீட்டார் வாய் திறக்கும் நிலைக்கு அவர்களைத் தள்ளாமல் விருந்தாளியே அளவறிந்து எழ வேண்டும் என்பதே அவ்வசனத்தில் நமக்குள்ள பாடம்.

அளவு என்ன? அபூ ஷுரைஹ் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. சிறப்பான உபசரிப்பு ஒரு பகலும் ஓர் இரவும்; விருந்தோம்பல் மூன்று நாள்கள்; அதற்கு மேல் அளிக்கப்படுவது ஸதகா. வீட்டாரைச் சங்கடத்தில் ஆழ்த்தும் அளவுக்குத் தங்குவது விருந்தாளிக்கு ஆகுமானதன்று. சரத் ஜோஷியின் வீட்டுக்காரன் பொறுமை இழப்பதும் நான்காம் நாளில்தான் என்பது நம்மை வியக்க வைக்கிறது. நான்காம் நாளுக்குப் பின் வீட்டார் மனமுவந்து வைத்துக்கொண்டால் அது அவர்களின் கொடை. கொடையைப் பெறுபவர் பணிவோடு பெற வேண்டும். உரிமையாளரைப் போல் அதிகாரம் செலுத்தக் கூடாது.

இந்த அதிகாரம்தான் நீண்ட தங்கலினும் கொடியது. அச்சிறுவனின் பெரியப்பா வந்த நாள் முதல் வீட்டுத் தலைவரின் நாற்காலியில் அமர்ந்தார். குழம்பில் உப்பைக் குறை கூறினார். பத்தாம் வகுப்பு முடித்திருந்த சிறுவனின் அக்காளைப் பதினொன்றாம் வகுப்பில் சேர்க்க வேண்டாம் என்று தீர்ப்பும் வழங்கினார். ஒருவரின் அதிகாரத்துக்கு உட்பட்ட இடத்தில் அவருடைய அனுமதியின்றி மற்றொருவர் தொழுகைக்கு இமாமாக நிற்கவோ, அவருக்குரிய இருக்கையில் அமரவோ கூடாது என்று அபூ மஸ்ஊத் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் முஸ்லிமில் உள்ளது. தொழுகை நடத்துவதற்கே அனுமதி தேவை எனில், பிறர் மகளின் படிப்பை நிறுத்த விருந்தாளிக்கு ஏது அனுமதி?

உறவைப் பேணுவது கடமையாயிற்றே என்று சிலர் கேட்கலாம். உண்மை. வேலூரில் சி.எம்.சி. மருத்துவமனை இருப்பதால், சிகிச்சைக்கு வரும் உறவினர் வாரக்கணக்கில் தங்குவது நமக்குப் பழக்கமானதே. அவர்கள் துன்பத்தில் உதவி நாடி வந்தவர்கள்; அவர்கள் முன் மூன்று நாள் கணக்கைப் பேசுவது கல்நெஞ்சம். ஆயினும் அந்தக் கடமை உறவினர் அனைவருக்கும் உரியது. மருத்துவமனைக்கு அருகில் வீடு இருக்கும் ஒருவருக்கு மட்டும் உரியதன்று. ஒருவர் தங்க இடமளித்தால் மற்றொருவர் உணவு அனுப்பலாம். தொலைவில் இருப்பவர் செலவில் பங்கேற்கலாம்.

இதை எழுதும் நாமும் தவறியவர்களே. சில ஆண்டுகளுக்கு முன் சிகிச்சைக்காக வேலூரில் தங்கை வீட்டில் பன்னிரண்டு நாள்கள் தங்கினோம். மருந்துச் செலவைக் காசு விடாமல் குறித்துவைத்தோம். அரிசிக்கும் கறிக்கும் யார் செலவழித்தார் என்று கேட்கவில்லை. மச்சான் தம் சம்பளத்தில் முன்பணம் வாங்கியிருந்தார் என்பதைப் பல மாதங்களுக்குப் பின் வேறொருவர் வாயிலாக அறிந்தோம். தங்கையும் மச்சானும் அதுவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர்களும் வெட்கப்பட்டிருக்கிறார்கள்.

ஆகவே ஒரு சிறு பழக்கத்தைத் தொடங்குவோம். உறவினர் வீட்டு வாசலில் ஸலாம் கூறி நுழைந்ததும், திரும்பும் நாளை நாமே சொல்லிவிடுவோம். தங்கும் நாள் நீளுமானால் செலவிலும் வேலையிலும் பங்கெடுப்போம்; உண்ட தட்டை ஆண்களும் கழுவுவோம். வீட்டுத் தலைவர்களுக்கும் ஒரு சொல்: உங்கள் உறவினரிடம் பேச வேண்டியதைக் கண்ணியத்தோடு நீங்களே பேசுங்கள், மனைவியை முன்னிறுத்தி அவரைக் கெட்டவராக்காதீர்கள்.

தொலைக்காட்சித் தொடரில் எந்தத் தொல்லையும் அரைமணி நேரத்தில் தீர்ந்துவிடும். அச்சிறுவன் வீட்டு விருந்தாளிகள், தம் பிள்ளைகளுக்குப் பள்ளி திறந்ததால்தான் ஊர் திரும்பினார்கள். இப்போது அவன் வகுப்பில் விழித்திருக்கிறான். அவனுடைய அக்காளின் படிப்பு மட்டும் இன்னும் முடிவாகவில்லை. பெரியப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று தந்தை தயங்குகிறார். நாம் அவரிடம் பேசிவருகிறோம்.

வல்ல ரஹ்மான் நம்மை, வரும்போது வீடு மகிழ்ந்து, செல்லும்போது வீடு ஏங்கும் விருந்தாளிகளாக ஆக்கியருள்வானாக. ஆமீன்.