கட்டுச்சோறு குற்றமல்ல

வீட்டில் கட்டிய இட்லியோடும் முறுக்குப் பொட்டலத்தோடும் விமானம் ஏறுவதை இந்த நாட்டில் எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. ஆனாலும் மும்பைத் தமிழர் வீடுகளில், ஊருக்குக் கிளம்பும் முந்தின இரவு இதற்காக ஒரு சண்டை நடக்கிறது. மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லியை அம்மா வாழையிலையில் வைத்து மடிப்பார். “அதெல்லாம் ஏர்போர்ட்ல விட மாட்டாங்கம்மா, மானத்த வாங்காத” என்று பிள்ளை தடுக்கும். தாராவி 90 அடி சாலையின் சந்துகளிலும் இதே பேச்சுதான், மாட்டுங்கா, செம்பூர் அடுக்குமாடிகளிலும் இதே பேச்சுதான். விட மாட்டார்கள் என்பது பெரும்பாலும் தவறான தகவல். அதைத் திருத்துவது எளிது. மானம் போகும் என்ற எண்ணம் அப்படியல்ல. அது நம் பிள்ளைகளின் மனத்தில் எப்படி வந்து உட்கார்ந்தது என்பதைத்தான் நாம் கேட்க வேண்டும்.

நாகர்கோவில் எக்ஸ்பிரசில் ஏறினால் ஊர் போய்ச் சேர ஒன்றரை நாள் ஆகும். முதல் வேளைக்கு இட்லி, அடுத்த வேளைக்குப் புளியோதரை, இடையில் கொறிக்க முறுக்கு, தட்டை என்று கணக்குப் போட்டுத்தான் கட்டுவார்கள். எதிர் இருக்கைக்காரருக்கும் சேர்த்தே கட்டுவார்கள். அது சிக்கனம் மட்டுமல்ல. குழந்தைக்கு எது ஒத்துக்கொள்ளும், சர்க்கரை நோயுள்ள தாத்தா எத்தனை மணிக்குச் சாப்பிட்டாக வேண்டும், வெங்காயம் பூண்டு சேர்க்காத பாட்டிக்கு என்ன வைப்பது என்பதெல்லாம் கட்டுகிறவருக்குத் தெரியும். எந்தக் கடைக்காரருக்கும் தெரியாது.

அதே குடும்பங்கள்தான் இன்று சென்னைக்கும் மதுரைக்கும் கோவைக்கும் விமானத்தில் போகின்றன. தூத்துக்குடியில் 2025 ஜூலையில் புதிய முனையமே திறந்தாகிவிட்டது. விமானம் பணக்காரர்களின் வாகனமாக இருந்த காலம், 2003இல் ஏர் டெக்கான் வந்தபோதே ஆட்டம் காணத் தொடங்கியது. இலவசச் சாப்பாடு போன்றவற்றை நிறுத்தித்தான் அந்த நிறுவனம் டிக்கெட் விலையைக் குறைத்தது. பின்னால் வந்த மலிவுக் கட்டண நிறுவனங்களும் அதே வழியில் போயின. சாப்பாடு தர மாட்டோம் என்று சொல்லித்தான் டிக்கெட் விற்கிறார்கள். அப்படியானால் பயணி தன் சாப்பாட்டைத் தானே கொண்டுவருவார் என்பது அந்தத் தொழிலின் கணக்கிலேயே அடங்கியிருக்கிறது. குறைந்த விலையில் டிக்கெட் வாங்கியவர் பையிலிருந்து பொட்டலத்தைப் பிரிக்கும்போது ஏளனமாகப் பார்க்க யாருக்கும் உரிமை கிடையாது.

தாராவியில் விடியுமுன் இட்லி அவித்து, சைக்கிளில் நகரமெங்கும் கொண்டுபோய் விற்பவர்கள் தமிழர்கள். முறுக்கும் சிக்கியும் செய்து கடைகளுக்கு அனுப்புகிற தமிழ்க் குடும்பங்களும் அங்கே உண்டு. இந்த நகரத்தின் காலைப் பசியை ஆற்றுகிற கைகள், தங்கள் சொந்த இட்லியை வெளியே எடுக்கக் கூச வேண்டிய நிலை வந்திருப்பது அநியாயம்.

பாதுகாப்புச் சோதனையைப் பற்றி ஆத்திரப்படாமல் பேச வேண்டும். 1999 டிசம்பரில் நம் விமானம் காந்தஹாருக்குக் கடத்தப்பட்ட பிறகுதான், 2000 முதல் விமான நிலையக் காவல் மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையின் கைக்கு வந்தது. 2006 ஆகஸ்டில், குளிர்பான பாட்டில்களில் திரவ வெடிமருந்தை நிரப்பி அட்லாண்டிக் கடக்கும் விமானங்களைத் தகர்க்க நடந்த சதியை லண்டனில் கண்டுபிடித்தார்கள். வெளிநாடு செல்லும் விமானங்களில், கைப்பையில் ஒரு பாட்டிலில் 100 மில்லிக்கு மேல் திரவம் கூடாது என்ற விதி அதிலிருந்து வந்தது. எக்ஸ்ரே திரையில் உலோகம் நீலமாகத் தெரியும். உணவு, துணி, காகிதம் எல்லாம் ஆரஞ்சு நிறமாகத் தெரியும். பல வெடிமருந்துகளுக்கும் அதே ஆரஞ்சு நிறம்தான். ஒரு கிலோ திருநெல்வேலி அல்வா நெருக்கமான கட்டியாக அந்தத் திரையில் வந்து நிற்கும்போது, பையைத் திறக்கச் சொல்லும் காவலர் தன் கடமையைச் செய்கிறார். எவர்சில்வர் டப்பாவுக்குள் இருப்பதோ அவருக்குத் தெளிவாகத் தெரியாது. அவரிடம் குரலை உயர்த்துவது தவறு. “நாங்க என்ன தீவிரவாதியா?” என்று கேட்பது இன்னும் பெரிய தவறு. உணவைத் தனியாக ஒரு டிரேயில் எடுத்து வைத்தால் பாதிச் சிக்கல் அங்கேயே தீர்ந்துவிடும்.

சில பொருள்களுக்குத் தடை உண்டு, அதற்குக் காரணமும் உண்டு. மிளகாய்ப்பொடியைக் கண்ணில் தூவினால் அது ஆயுதம்தான். மிளகாய் ஊறுகாயும் கைப்பையில் கூடாது. நெய் உருகினால் திரவம். கொப்பரையில் எண்ணெய் மிகுதி, தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக் கூடியது என்பதால் உலக அளவிலான விமானச் சரக்கு விதிகளே அதை அபாயப் பொருள் பட்டியலில் வைத்திருக்கின்றன. தேங்காயையும் கைப்பையில் அனுமதிப்பதில்லை.

ஆனால் இந்தத் தேங்காய் விதி எப்படி நெகிழ்ந்தது என்பதையும் நினைத்துப் பாருங்கள். நெய்த் தேங்காய் இல்லாமல் இருமுடி இல்லை என்பதால், சபரிமலை பக்தர்களுக்காக 2022இலும் 2024இலும் மண்டல, மகரவிளக்குக் காலத்துக்கு மட்டும் விமானப் பாதுகாப்புப் பணியகம் விலக்கு அளித்தது. எக்ஸ்ரே, வெடிமருந்துத் தடயச் சோதனை, கையால் பார்த்தல் என எல்லாம் முடிந்த பிறகு தேங்காய் உள்ளே போகலாம் என்றார்கள். செய்தது சரி, பாராட்டுகிறோம். பக்திக்காக இவ்வளவு நுணுக்கமாக யோசிக்கத் தெரிந்த அரசுக்குப் பசிக்காகவும் யோசிக்கத் தெரிய வேண்டும்.

ஏனென்றால் இன்றைய நடைமுறையில் உண்மையான தவறு வேறோர் இடத்தில் இருக்கிறது. வழியனுப்ப வந்தவர்கள் முனையத்தின் வாசலோடு நின்றுவிட வேண்டும். டிக்கெட் இல்லாமல் உள்ளே போக முடியாது. பையைச் சோதிப்பதோ உள்ளே, செக்இன் பெட்டியும் கைவிட்டுப் போன பிறகு. அந்த நேரத்தில் “இது கூடாது” என்றால் கைப்பையில் இருக்கும் ஊறுகாய் பாட்டில் என்ன ஆகும்? திருப்பிக் கொடுக்க, வழியனுப்ப வந்த மகன் பக்கத்தில் இல்லை. பெட்டியில் வைக்கவும் வழியில்லை. குப்பைத் தொட்டிதான். மாங்காய் வாங்கி, நறுக்கி, உப்பில் ஊறவைத்து, வெயிலில் காயவைத்த ஒருத்தியின் பல நாள் வேலை ஒரு நொடியில் அதில் விழுகிறது. விதி தெரியாத முதல் பயணிக்கு அது தண்டனை. விதியைத் தெரிவிக்காதவர்களுக்கோ எந்தத் தண்டனையும் இல்லை. தடைப் பொருள்களின் பட்டியல் இணையத்தில் இருக்கிறது என்று சொல்லித் தப்ப முடியாது. அது மராத்தியிலும் இந்தியிலும் தமிழிலும், மகன் இன்னும் கூட நிற்கும் அந்த வாசலில், படத்தோடு இருக்க வேண்டும். எழுதப்பட்ட விதியில் இல்லாத உணவை ஒருவர் தன் விருப்பப்படி தடுத்தால், அது எந்த விதியின்படி என்று கேட்கப் பயணிக்கு உரிமை இருக்க வேண்டும். பணிவாகக் கேட்டால் பதில் கிடைக்க வேண்டும்.

அடுத்தது விலை. 2018 மார்ச்சில் சென்னை விமான நிலையத்தில் ஒரு தேநீருக்கு 135 ரூபாய் கேட்டார்கள் என்று முன்னாள் நிதியமைச்சர் ப. சிதம்பரமே அதிர்ந்துபோய், வேண்டாம் என்று வந்துவிட்டதாக எழுதினார். நாட்டின் பட்ஜெட்டைப் பலமுறை போட்டவருக்கே அந்த விலை தாங்கவில்லை என்றால், நான்கு பேர் கொண்ட தாராவிக் குடும்பம் என்ன செய்யும்? கடைக்காரர்கள் வாடகையைக் காட்டுவார்கள், விற்பனையில் பங்கு கொடுப்பதைக் காட்டுவார்கள். நிலையத்தை நடத்துபவர்கள் அரசுக்குத் தரும் பங்கைக் காட்டுவார்கள். 2006இல் மும்பை நிலையம் தனியார் நிர்வாகத்துக்குப் போனபோது, வருவாயில் 38.7 சதவீதத்தை இந்திய விமான நிலையங்கள் ஆணையத்துக்குத் தருவதாகத்தான் ஒப்பந்தம். 2021 ஜூலை முதல் அதை அதானி குழுமம் நடத்துகிறது. ஒருவர் மேல் ஒருவர் ஏற்றும் இந்தச் சுமை, கடைசியில் பசியோடு உட்கார்ந்திருப்பவர் தலையில் இறங்குகிறது.

வேறு வழியே இல்லை என்ற வாதத்தையும் அரசே உடைத்துவிட்டது. 2024 டிசம்பரில் கொல்கத்தாவிலும் 2025 பிப்ரவரியில் சென்னையிலும் ‘உடான் யாத்ரி கஃபே’ திறந்தார்கள். தேநீர் 10 ரூபாய், தண்ணீர் 10 ரூபாய், சமோசா 20 ரூபாய். இரண்டும் ஆணையமே நடத்தும் நிலையங்கள். தனியார் நடத்தும் ஒவ்வொரு முனையத்திலும், பாதுகாப்புச் சோதனைக்கு அப்பால், இதே விலையில் ஒரு கடையாவது இருந்தே ஆக வேண்டும் என்று மத்திய அரசு உத்தரவிட வேண்டும். அது சலுகையாக இருக்கக் கூடாது, உரிமத்தின் நிபந்தனையாக இருக்க வேண்டும்.

திரையரங்கில் வெளி உணவைத் தடுக்கலாம் என்றால் இங்கே ஏன் கூடாது என்று சிலர் வாதிடுகிறார்கள். 2023 ஜனவரி 3 அன்று உச்ச நீதிமன்றம், வெளி உணவைத் தடுக்கும் உரிமை திரையரங்கு உரிமையாளருக்கு உண்டு என்று சொன்னது உண்மைதான். அதே தீர்ப்பில் இலவசக் குடிநீரையும் கைக்குழந்தையின் உணவையும் பாதுகாத்தது. படம் பிடிக்காதவர் எழுந்து வீட்டுக்குப் போகலாம், பசித்தவர் இடைவேளையில் வெளியே போகலாம். போர்டிங் பாஸ் வாங்கிச் சோதனை தாண்டியவர் எங்கே போவார்? இரண்டு மணி நேரம் முன்னதாக வரச் சொல்லி, உள்ளே உட்கார வைத்து, விமானம் தாமதம் என்றும் அறிவித்துவிட்டு, உன் சாப்பாட்டையும் தின்னாதே என்பது எந்த நியாயத்திலும் சேராது.

2024 ஜனவரியில் நம் மும்பையிலேயே நடந்ததை நாடு முழுவதும் பார்த்தது. கோவாவிலிருந்து டெல்லி போக வேண்டிய இண்டிகோ விமானம் மூடுபனியால் மும்பைக்குத் திருப்பிவிடப்பட்டது. பல மணி நேரம் காத்துக் களைத்த பயணிகள், விமானங்கள் நிற்கும் தளத்திலேயே தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அந்தக் காணொளியைப் பார்த்துச் சிரித்தவர்களும் உண்டு. அரசு சிரிக்கவில்லை. விமானப் பாதுகாப்புப் பணியகம் இண்டிகோவுக்கு 1.20 கோடி ரூபாயும், அந்தப் பணியகமும் விமானப் போக்குவரத்து இயக்குநரகமும் சேர்ந்து மும்பை நிலைய நிர்வாகத்துக்கு 90 லட்சம் ரூபாயும் அபராதம் விதித்தன. பயணிகளைத் தளத்தில் இறங்கவிட்டது பாதுகாப்புக் குறைபாடு என்பதே அதற்குக் காரணம், அது சரியான காரணம்தான். பசி எந்த விதியின் கீழும் பதிவாகவில்லை. தாமதம் குறிப்பிட்ட நேரத்தைத் தாண்டினால் சிற்றுண்டி தர வேண்டும் என்று விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதி இருக்கிறது. இரண்டு மணி நேரம் கழித்துக் கைக்கு வரும் ஒரு சாண்ட்விச், இன்சுலின் போட்டுக்கொண்ட முதியவருக்கு நேரத்துக்கு வந்த உணவாகாது. அவர் பையில் இருக்கும் இட்லிதான் அவருக்குக் காவல்.

பயணிக்கும் கடமை உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் நம் வாதம் ஒருதலைப்பட்சமாகும். சாம்பாரையும் சட்னியையும் கைப்பையில் ஊற்றி எடுத்துப் போகாதீர்கள். கோவில்பட்டிக் கடலை மிட்டாய், மாட்டுங்காவில் வாங்கிய நேந்திரங்காய் சிப்ஸ், முறுக்கு, பொரி உருண்டை, உலர்ந்த புளியோதரை எல்லாம் பயணத்துக்கென்றே நம் முன்னோர் கண்டுபிடித்தவைபோல் இருக்கின்றன, அவற்றைக் கட்டுங்கள். கருவாட்டை இறுக்கிக் கட்டி செக்இன் பெட்டியில் அனுப்புங்கள். மூடிய அறைக்குள் நூற்றைம்பது பேர் ஒரே காற்றைச் சுவாசிக்கும்போது அந்த அக்கறை தேவை. இலையையும் காகிதத்தையும் இருக்கைக்கு அடியில் தள்ளிவிட்டு இறங்குவதோ, அதைப் பொறுக்கும் துப்புரவுத் தொழிலாளிக்குச் செய்யும் அவமரியாதை. அதில் மன்னிப்பு இல்லை.

ஆனால் வாசனையைப் பற்றிப் புகார் சொல்கிறவர்களும் நேர்மையாக இருக்க வேண்டும். முனையத்தில் வாங்கிய பர்கரும் வறுத்த கோழியும் விமானத்துக்குள் வந்தால் யாரும் முகம் சுளிப்பதில்லை. நல்லெண்ணெய் மணம் வந்தால் மட்டும் மூக்கைப் பொத்துகிறார்கள். இது வாசனையைப் பற்றியதல்ல, யார் சாப்பிடுகிறார்கள் என்பதைப் பற்றியது. சேரி என்றும் மதராசி என்றும் இந்த நகரம் ஒரு காலத்தில் நம்மை ஒதுக்கிய அதே பார்வை இது. அந்தப் பார்வையை நம் பிள்ளைகளே கற்றுக்கொண்டு, தாயின் கைப்பொட்டலத்தின் மேல் திருப்புவதை நாம் கண்டிக்கிறோம்.

சிவில் விமானப் போக்குவரத்து அமைச்சகத்தையும் மும்பை நிலைய நிர்வாகத்தையும் நாம் கேட்பது மூன்றே: வாசலிலேயே மூன்று மொழியில் பட்டியல் பலகை, தடைப்பட்ட உணவை வெளியே நிற்கும் உறவினரிடம் திருப்பிக் கொடுக்க ஒரு கவுன்ட்டர், சோதனைக்கு அப்பால் பத்து ரூபாய்த் தேநீர். முதல் இரண்டுக்கும் பெரிய செலவே இல்லை. வரும் பொங்கலுக்கு ஊர் போகும் கூட்டம் தொடங்கும் முன்பே அவை நடைமுறைக்கு வர வேண்டும்.