இரண்டு பத்திரங்களும் ஒரு மண்பாண்டமும்



கடந்த வாரம் சபை அலுவலகக் கணினியின் ஹார்டு டிஸ்க் பழுதடைந்தது. உள்ளிருந்து டக், டக் என்றொரு ஓசை. பிறகு, இயங்குதளம் காணப்படவில்லை என்னும் அறிவிப்பு மட்டும் திரையில் நின்றது. அடியேன் பொறுமையிழந்து நான்கைந்து முறை அணைத்து அணைத்து இயக்கினேன். அது பெருந்தவறு. சுழலும் தட்டுக்கு மேலே மயிரிழைக்கும் குறைவான உயரத்தில் மிதக்கும் வாசிப்பு முனை பழுதுபட்டிருந்தால், ஒவ்வொரு சுழற்சியும் சேதத்தைப் பெருக்கக்கூடும். வாலிபர் சங்கத் தம்பி ஒருவர் வந்துதான் என் கையைத் தடுத்தார். பென் டிரைவிலிருந்து லினக்ஸைத் துவக்கி, டிடிரெஸ்கியூ என்னும் நிரலால், நலமாயிருந்த பகுதிகளை முதலில் புதிய வட்டுக்கு நகலெடுத்தார்; பழுதான பகுதிகளைப் பின்னர் முயன்றார். விண்டோஸை மறுபடி நிறுவியது ஒரு பொழுது வேலை. ஞானஸ்நானப் பதிவேட்டின் 2019க்குப் பிந்திய பக்கங்கள் பல திரும்பவில்லை. அடுத்த மாதம் விவாக அறிக்கை வாசிக்கப்படவேண்டிய ஒருவருடைய பதிவும் அவற்றில் ஒன்று.

இது சத்துருவின் போராட்டம் என்று சிலர் ஆறுதல் சொன்னார்கள். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. நகலெடுத்து வைக்கும்படி அதே தம்பி இரண்டு முறை நினைவூட்டியிருந்தார்; நான்தான் அசட்டையாயிருந்தேன்.

எரேமியா 32ஆம் அதிகாரத்தை மறுபடி வாசித்தேன். எருசலேம் முற்றிக்கை போடப்பட்டிருக்கையில், காவலில் கிடந்த தீர்க்கதரிசி ஆனதோத்தின் நிலத்தைப் பதினேழு சேக்கலுக்கு வாங்குகிறார். முத்திரையிட்டது ஒன்று, திறந்தது ஒன்று என இரண்டு கிரயப்பத்திரங்களையும், அநேக நாள் நிலைத்திருக்கும்படி மண்பாண்டத்தில் வைக்கப் பாருக்கிடம் ஒப்புவிக்கிறார். தேவன் திரும்பக் கட்டுவார் என்ற விசுவாசமே அவரைப் பத்திரம் பேணச் செய்தது. நாமோ விசுவாசத்தைச் சொல்லிப் பத்திரத்தைக் கைவிடுகிறோம்.

ஆகவே என் கருத்து: கணினி வந்ததும் நிறுத்திய கையெழுத்துப் பதிவேட்டை மறுபடி தொடங்க வேண்டும். மாதந்தோறும் எடுக்கும் நகல், அதே இரும்பு அலமாரியில் அல்ல, பொருளாளர் வீட்டில் இருக்கவேண்டும். இணையச் சேமிப்பு ஒன்றே போதும் என்போர்க்கு ஒன்று சொல்வேன்: தானாக ஒத்திசையும் சேமிப்பில், இங்கே தவறுதலாய் அழித்தது அங்கேயும் அழியும்.

2019க்குப் பின் நம் சபையில் ஞானஸ்நானம் பெற்றவர்கள், தங்கள் சான்றிதழின் பிரதியை ஞாயிறு ஆராதனைக்குப் பின் அலுவலகத்தில் தாருங்கள். புதிய பதிவேட்டில் நானே என் கையால் எழுதுகிறேன்.